பழத்தின் தண்ணீர்: வீட்டு ஸ்ட்ராபெர்ரி ஃபட்ஜ் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து விற்கும் இரண்டு பெண்களின் சமையலறையில் நடந்தது இது. இருவரும் அண்ணி, நாத்தனார் உறவு. பெயர்கள் வேண்டாம் என்பதால் மூத்தவர், இளையவர் என்றே எழுதுகிறேன். மூத்தவரின் மைசூர்பாகுக்கும் திரட்டுப்பாலுக்கும் அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். ஆர்டர் எடுப்பது, பெட்டி வாங்குவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் இளையவர். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் முறைப்படி வாங்கி வைத்திருந்தார்கள்.

அவர்களிடம் நன்றாக விற்கும் புதுவகை இனிப்பு சாக்லேட் ஃபட்ஜ். பாகு காய்ச்சாத சுலப முறை அது: 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கைச் சூடாக்கி, 500 கிராம் டார்க் காம்பவுண்டை (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்த சாக்லேட் கட்டி) போட்டு உருக்கி, தட்டில் கொட்டி ஆறவிட்டு வெட்டுவது. அமெரிக்காவில் ஃபட்ஜ் பிறந்த காலத்தில் இவ்வளவு சுலபமாக இல்லை. 1880களில் வாசர் கல்லூரி மாணவிகள் செய்து பிரபலமாக்கிய ஃபட்ஜ், சர்க்கரையையும் பாலையும் ஏறத்தாழ 115 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, ஆறவிட்டு, கை வலிக்கக் கிளறி இறுக வைப்பது. அந்த நீண்ட கொதியில் தண்ணீர் ஆவியாகிவிடும். சுலப முறையில் கொதியே இல்லை. உள்ளே போன தண்ணீர் உள்ளேயே தங்கும். கீழே வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளம்பியவைதான்.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஒரு வளைகாப்பு ஆர்டர் வந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரம் விழா. வருகிறவர்களுக்குக் கொடுக்க 90 பெட்டி, பெட்டிக்கு நான்கு துண்டு, நான்கும் ஸ்ட்ராபெர்ரி ஃபட்ஜ். எசென்ஸ் கூடாது, நிஜப் பழம்தான் வேண்டும் என்பது நிபந்தனை. கூடவே ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். அதில் இருந்த ஃபட்ஜ் பளீரென்ற ரோஸ் நிறம்.

பழத்துக்குப் பஞ்சமில்லை. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி சந்தைக்கு வரும் பருவம் அது. அந்தப் பழத்துக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நவம்பர் தொடங்கி மார்ச் வரை சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளில் கோவைக்கும் வந்து சேர்கிறது. இளையவர் ஆர்டரை அன்றே ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கிவிட்டார்.

முதல் தட்டு

சாக்லேட் ஃபட்ஜ் அளவையே எடுத்துக்கொண்டார்கள். டார்க் காம்பவுண்டுக்குப் பதில் ஒயிட் காம்பவுண்ட் 500 கிராம். அதோடு 200 கிராம் ஸ்ட்ராபெர்ரியை மிக்ஸியில் அரைத்து, சூடான கண்டென்ஸ்டு மில்க்கில் அப்படியே ஊற்றினார்கள்.

ஊற்றிய இடத்தில் பால் பொடிப்பொடியாகத் திரிந்தது. ஸ்ட்ராபெர்ரியின் அமிலத்தன்மை பிஎச் அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3க்கும் 4க்கும் நடுவில் நிற்கும். பாலின் கேசீன் புரதம் 4.6 பக்கம் வந்தாலே திரளும், சூடு இருந்தால் இன்னும் வேகமாக. காம்பவுண்ட் உருகிக் கலந்ததும் திரிதல் கண்ணுக்கு மறைந்துவிட்டது, நாக்குக்கு மட்டும் மணல்போல் நெருடியது.

நிறமும் ஏமாற்றியது. மிக்ஸியில் செக்கச்செவேல் என்று இருந்த விழுது, பாலில் கலந்ததும் வெளுத்த கத்திரிக்காய்த் தோல் நிறத்துக்குப் போனது. பழத்தின் சிவப்பு ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்தது. புளிப்பு இருக்கும்வரை சிவப்பாக இருக்கும், பால் அந்தப் புளிப்பைத் தணித்ததும் மங்கும்.

ஆனால் பெரிய தொல்லை, தட்டு இறுகவே இல்லை. மறுநாள் காலை கத்தி போட்டால் கத்தியோடு சேர்ந்து வந்தது. தட்டைச் சாய்த்துப் பார்த்தபோது மூலையில் இளஞ்சிவப்பு நீர் கசிந்து நின்றது.

அடுத்து அவர்கள் செய்தது

யாரும் செய்யக்கூடியதைத்தான் செய்தார்கள்: காம்பவுண்டை 700 கிராமாக ஏற்றி, தட்டை ஃப்ரீசரில் வைத்தார்கள். இறுகியது. வெட்டியதும் விளிம்பு கூர்மையாக நின்றது. பட்டர் பேப்பரில் சுற்றி, ஒரு பெட்டி மாதிரிக்காக விழா வீட்டுக்குப் போனது. மீதி ஃப்ரிட்ஜில்.

விழா வீட்டில் பெட்டியைப் பகலில் வெளியே எடுத்து வைப்பதும் இரவில் ஃப்ரிட்ஜில் வைப்பதுமாக இருந்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் அங்கிருந்து தொலைபேசி வந்தது. பேப்பரைப் பிரித்தால் துண்டின் பக்கவாட்டில் வெள்ளையும் சாம்பல்பச்சையுமாகப் புள்ளிகள். அந்தத் துண்டை யாரும் சாப்பிடவில்லை. ஆனால் அதே பெட்டியிலிருந்து இரண்டு நாள் முன்பு ஒரு துண்டு கர்ப்பிணிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவருக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை என்று பிறகு உறுதியானது.

உணவு பதப்படுத்தும் பயிற்சி வகுப்பு ஒன்றில் இளையவர் என்னிடம் படித்தவர். அந்தத் தொலைபேசிக்குப் பிறகுதான் என்னை வரச் சொன்னார்.

சமையலறையில் பார்த்தவை

வீடு சுத்தமாக இருந்தது. பாத்திரங்கள் உலர்ந்திருந்தன, கரித்துணி தனி, கை துடைக்கும் துணி தனி. பூசணத்துக்குக் காரணம் அசுத்தம் என்று நினைத்து மூத்தவர் மிகவும் மனம் நொந்திருந்தார். ஆகவே முதலில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

கண்டென்ஸ்டு மில்க்கில் கால் பங்குக்குச் சற்று மேல் தண்ணீர், 400 கிராமில் சுமார் 105 கிராம். காம்பவுண்டில் தண்ணீர் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக அவர்களுடைய வழக்கமான சாக்லேட் ஃபட்ஜில் 900 கிராமுக்கு 105, அதாவது ஏறத்தாழ 12 சதவீதம். ஸ்ட்ராபெர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 200 கிராம் பழம் 180 கிராம் தண்ணீரைக் கொண்டுவருகிறது. முதல் தட்டில் 1,100 கிராமுக்கு 285, அதாவது 26 சதவீதம். காம்பவுண்டை ஏற்றிய இரண்டாம் தட்டிலும் 22 சதவீதம்.

மூத்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “அப்பொ நாங்க ஃபட்ஜ் பண்ணலீங்க, கெட்டிப் பாயசம் பண்ணியிருக்கோம்” என்றார். சரியான விளக்கம். ஃப்ரீசரில் கொழுப்பு உறைந்து துண்டைத் தாங்கிப் பிடித்ததே தவிர, தண்ணீர் எங்கும் போகவில்லை.

பூசணத்துக்கு மொத்தத் தண்ணீரைவிட, சர்க்கரையோடு பிணையாமல் தளர்ந்திருக்கும் தண்ணீரே முக்கியம். நீர்ச்செயல்பாடு என்று அளக்கப்படும் அது 0.7க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பூசணங்கள் வளர முடியாது. அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆனால் துண்டின் மேற்பரப்பில் அது உயரக் காரணம் கண்முன்னே இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னேன். வெளியே நண்பகல் வெக்கை. சில நிமிடங்களில் பட்டர் பேப்பரின் உட்பக்கம் முழுக்கப் பனித்துளி கோத்தது. விரலால் தொட்டால் துண்டின் மேல் ஈரப் படலம். உள்ளே எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் அந்தப் படலத்தில் சர்க்கரை குறைவு, பூசணத்துக்கு அது போதும். இதைத் தினமும் செய்தால் ஐந்து நாளில் புள்ளி வருவதில் அதிசயமில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

ஃப்ரிட்ஜில் மீதமிருந்த அனைத்தும் அன்றே குப்பைக்குப் போயின. புள்ளி இல்லாத துண்டுகளை வைத்துக்கொள்ளலாமே என்று இளையவர் தயங்கினார். மிருதுவான பண்டத்தில் பூசணம் தெரியும் இடத்தோடு நிற்காது, சுரண்டி எடுத்துப் பயனில்லை. மேலும் அரைத்த பழம் வேகாமல் போயிருக்கிறது, விழாவின் நாயகி கர்ப்பிணி. பேச்சுக்கு இடமில்லாத முடிவு.

விழா வீட்டாரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, பத்து நாள் அவகாசம் கேட்டார்கள். சரிவராவிட்டால் முன்பணம் திரும்பத் தருவதாகவும் சொன்னார்கள். விழா வீட்டார் அவகாசம் கொடுத்தார்கள். இதற்குப் பிறகுதான் செய்முறைக்கு வந்தோம்.

மூன்று வழிகள் மேசையில் இருந்தன. ஸ்ட்ராபெர்ரி கிரஷ் வாங்கி ஊற்றலாம். அதிலும் தண்ணீர் உண்டு, நிபந்தனைக்கும் ஒவ்வாது என்று ஒதுக்கினோம். உறைய வைத்து உலர்த்திய பழத்தூள் மட்டும் போடலாம். தண்ணீர்ச் சிக்கல் முற்றிலும் தீரும், நிறமும் மணமும் நிற்கும். ஆனால் விலை கட்டாது. உறைய வைத்து உலர்த்துவது கிருமியைக் கொல்லும் முறையும் அல்ல. மூன்றாவது, பழத்தைச் சுண்டக் காய்ச்சுவது.

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு, தூளைச் சிறிதளவு அதற்குள் சேர்ப்பது என்று முடிவானது. 250 கிராம் பழத்தைக் காம்பு நீக்கி, கழுவி, துணியில் ஒற்றி உலர்த்தி, மசித்து, 50 கிராம் சர்க்கரையோடு அகலமான அடிகனத்த வாணலியில் காய்ச்சினோம். எதுவரை? ‘கெட்டியாகும்வரை’ என்று எழுதிக் கொடுத்தால் ஆளுக்கொரு கெட்டி வரும். அதனால் காலி வாணலியை முதலில் நிறுத்து, அந்த எடையை ஒட்டுத்தாளில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டினோம். வாணலி எடை போக, பழமும் சர்க்கரையும் சேர்ந்து 100 கிராமுக்கு இறங்கியதும் அடுப்பை அணைக்க வேண்டும். அந்த நிலையில் கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் 28 கிராம் அளவே. அடுப்பை அணைத்த சூட்டிலேயே 15 கிராம் தூளைக் கலந்தோம். ஆறிய பிறகு கலந்திருந்தால் நிறம் இன்னும் நன்றாக நின்றிருக்கும். வேகாத எதையும் உள்ளே விடக்கூடாது என்பதற்காக அந்த நிறத்தை விட்டுக்கொடுத்தோம்.

அடுத்த யோசனை மூத்தவருடையது. இந்த நிகழ்வில் மிகவும் பயன்பட்டதும் அதுதான். “டப்பாப் பாலும் பால்தானே. திரட்டுப்பாலுக்குச் சுண்ட வைக்கிற மாதிரி அதையும் கொஞ்சம் சுண்ட வைச்சா என்ன?” என்று கேட்டார். 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கை 30 கிராம் வெண்ணெயோடு சிறு தீயில் கிளறி, எடையில் 40 கிராம் குறையும்வரை வைத்தோம். கரண்டியிலிருந்து மடிப்பு மடிப்பாக விழும் பதம் அது. கிளறுவதை நிறுத்தினால் அடிபிடித்துப் பழுப்புத் துணுக்குகள் வரும், பிங்க் ஃபட்ஜில் அவை அப்பட்டமாகத் தெரியும்.

இப்போது கணக்கு: காம்பவுண்ட் பழையபடி 500 கிராம், மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், தண்ணீர் சுமார் 98 கிராம். பத்து சதவீதத்துக்குக் கீழே, வழக்கமான சாக்லேட் ஃபட்ஜைவிடக் குறைவு.

சேர்க்கும் வரிசையையும் மாற்றினோம். பாலை 50 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, தனியே உருக்கிய காம்பவுண்டை அதில் கலந்து, வழவழவென்று சேர்ந்த பிறகுதான் பழம். அதையும் மூன்று பங்காகப் பிரித்து. சூடு தணிந்திருந்ததாலும் கொழுப்பும் சர்க்கரையும் நடுவில் நின்றதாலும் திரிதல் வரவில்லை. காம்பவுண்டை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கும்போது கீழ்ப் பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்கக்கூடாது. மேலெழும் ஆவியில் இரண்டு சொட்டு உள்ளே விழுந்தாலும் காம்பவுண்ட் இறுகி மாவுருண்டையாகும். இது மூத்தவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நடுவில் ஒரு சறுக்கல்

ஒயிட் காம்பவுண்டின் மெழுகுச் சுவை இளையவருக்குப் பிடிக்கவில்லை. கோகோ வெண்ணெயில் செய்த அசல் ஒயிட் சாக்லேட்டைப் பாதி, காம்பவுண்டைப் பாதி போட்டால் சுவையும் கூடும், விலையும் கட்டும் என்று ஒரு சோதனைத் தட்டு போட்டார். தனியாக இரண்டுமே அறைச்சூட்டில் இறுகக்கூடியவை. சேர்ந்தபோது தொட்டாலே விரல் பதியும் அளவுக்கு மிருதுவாக வந்தது. மலிவான காம்பவுண்டுகளில் பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக் கொட்டைக் கொழுப்பு இருக்கும். அதுவும் கோகோ வெண்ணெயும் படிகமாவதில் ஒத்துப்போகாது. கலந்தால் உருகுநிலை இரண்டையும்விடக் கீழே இறங்கிவிடும். வீட்டில் சாக்லேட் செய்கிற பலரும் இதை அறியாமல் கலக்கிறார்கள்.

அசல் ஒயிட் சாக்லேட் மட்டும் போட்டால் சுவை நிச்சயம் மேல். ஆனால் மண்டபத்தில் பெட்டிகள் மணிக்கணக்கில் வெளியே இருக்கும், பிப்ரவரிப் பகலே 32, 33 டிகிரி போகும். வடிவம் நிற்பதற்காகக் காம்பவுண்டையே தொடர்ந்தார்கள். மெழுகுச் சுவைக்கு ஒரு சிட்டிகை உப்பும் துருவிய எலுமிச்சைத் தோலும் ஓரளவு ஈடுகொடுத்தன.

நிறம் பற்றிய பேச்சு

கடைசித் தட்டின் நிறம் காய்ந்த ரோஜா இதழைப் போல் இருந்தது. புகைப்படத்தின் பளீர் ரோஸ் அல்ல. ஒரு சொட்டு கலர் விட்டால் முடிந்தது என்று இளையவர் பாட்டிலை எடுத்துவிட்டார். மூத்தவர் விடவில்லை. 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டுப் பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு தடைசெய்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. ரோஸ் நிறத் தின்பண்டம் என்றாலே ஊரில் ஒரு சந்தேகப் பார்வை இருந்தது. அனுமதிக்கப்பட்ட நிறமிகள் வேறு, ரோடமைன் வேறு என்பது உண்மை. ஆனால் வளைகாப்புக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. துண்டின் படத்தை விழா வீட்டுக்கு அனுப்பி, கலர் சேர்க்காத நிறம் இதுதான் என்றார்கள். அந்த வீட்டுப் பெரியம்மாவே தொலைபேசியில் அழைத்து, “கலர் போடாததே நல்லதுங்க” என்று முடித்துவிட்டார்.

காத்திருப்பும் விழாவும்

சோதனைத் தட்டை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு அலமாரியில் மூடிய எவர்சில்வர் டப்பாவில், ஒரு பங்கு விழாப் பெட்டியிலேயே, ஒரு பங்கு ஃப்ரிட்ஜில் வைத்துத் தினமும் வெளியே எடுத்து. ஃப்ரிட்ஜ் பங்கு முதல் நாளே மேலே பிசுபிசுத்தது, நான்காம் நாள் ஓரம் கரைந்து பளபளத்தது. அலமாரியில் இருந்த இரண்டும் பத்தாம் நாளும் வாசனை மாறாமல், புள்ளி இல்லாமல் இருந்தன. விளிம்பு மட்டும் சற்றே காய்ந்து சர்க்கரை பூத்திருந்தது.

பத்து நாள் தாங்கியதைப் பத்து நாள் என்று எழுதவில்லை. ஒரே தட்டைக் கண்ணாலும் மூக்காலும் பார்த்ததை வைத்து அவ்வளவு உரிமை கொண்டாட முடியாது. செய்த தேதி, ஐந்து நாளுக்குள் உண்ணவும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், பால் பொருள் உள்ளது என்று பெட்டியில் ஒட்டினார்கள்.

அளவும் மாறியது. ஒரு தட்டுக்கு 36 துண்டு என்றால் 360 துண்டுக்குப் பத்துத் தட்டு. ஒவ்வொன்றுக்கும் பழம் சுண்ட ஒரு நேரம், பால் சுண்ட ஒரு நேரம். இரண்டு பேரால் விழாவுக்கு முந்தைய இரண்டு நாளில் அது நடக்காது. பெட்டிக்கு இரண்டு ஸ்ட்ராபெர்ரி, இரண்டு சாக்லேட் என்று பேசி முடித்தார் மூத்தவர். விழா வீட்டார் முதலில் முகம் சுளித்தாலும், விலையைக் கொஞ்சம் குறைத்ததும் சம்மதித்தார்கள். ஐந்து தட்டு ஸ்ட்ராபெர்ரி. இரவில் அறையிலேயே வைத்து இறுகவிட்டார்கள், ஃப்ரீசர் பக்கமே போகவில்லை. கத்தியைச் சூடான நீரில் நனைத்து நன்றாகத் துடைத்து வெட்டியதில் விளிம்பு சுத்தமாக வந்தது.

விழா முடிந்து புகார் எதுவும் வரவில்லை. தித்திப்பு அதிகம் என்று சிலர் சொன்னார்கள். நியாயம்தான்; கண்டென்ஸ்டு மில்க், காம்பவுண்ட் இரண்டிலும் சர்க்கரை பாதிக்கு நெருக்கமாக இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்? பழச்சுவை போதவில்லை என்றவர்களும் உண்டு. தூளைக் கூட்டினால் அது சரியாகும், லாபம் போகும்.

இனி மாற்றுபவை

புது வகைக்கு முன்பணம் வாங்குமுன் ஒரு தட்டு செய்து, அலமாரியில் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். மாதிரிப் பெட்டியும் அதற்குப் பிறகே வெளியே போகும். கப் அளவைக் கைவிட்டு ஒரு கிராம் துல்லியமுள்ள எடை மெஷின் வாங்கியாயிற்று. பழம் சுண்டியதைப் பருவத்திலேயே மொத்தமாகச் செய்து, 100 கிராம் பொட்டலங்களாக ஃப்ரீசரில் வைக்கலாம் என்பது இளையவரின் திட்டம். தட்டில் சேர்க்குமுன் பொட்டலத்தை மீண்டும் கொதிக்க வைத்து எடை சரிபார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீர்ச்செயல்பாட்டை ஆய்வகத்தில் அளந்து பார்க்காதது இந்த ஆய்வின் குறை. ஐந்து நாள் என்ற வரம்பை நீட்ட விரும்பினால் அதைச் செய்தாக வேண்டும்.

ஏப்ரலில் ஒரு பிறந்தநாளுக்கு இதே ஃபட்ஜ் கேட்டு வந்தார்கள். சந்தையில் பழம் ஓய்ந்திருந்தது, பகல் வெயிலில் காம்பவுண்டும் தளரத் தொடங்கியிருந்தது. தேங்காய் பர்ஃபி செய்து தருவதாகச் சொல்லி, அந்த ஆர்டரை மூத்தவர் மாற்றிவிட்டார்.